சிங்கப்பூரில் காட்டு நடைக்கு எந்த மாசம் நல்லது?

மதுரைக்காரன்_செங்காங் | ஜனவரி

வணக்கம். இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆபீஸ், வீடு, ஃபேர்பிரைஸ் கடை, திரும்ப வீடு. சுகர் எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்னதும் நடக்கணும்னு ரோஷம் வந்திருச்சு. ஜிம் நமக்கு ஒத்துவராது. ஊர்ல இருந்தப்ப அழகர்மலையில நூபுரகங்கை வரைக்கும் ஏறி இறங்கின ஆளு நான்.

ஊர்ல ஒரு கணக்கு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில வழுக்கும், போகமாட்டோம். சித்திரை வெயில்ல பாறை கொதிக்கும், போகமாட்டோம். மார்கழி, தை சுகம். இங்க அந்தக் கணக்கு எப்படி? மூணு நாளா மழை விடவே இல்ல. எந்த மாசம் ஆரம்பிக்கலாம்? ஒரே நாள்ல போயிட்டு வர்ற பாதையாச் சொல்லுங்க. பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவளும் வருவா.

கோப்பி_ஓ_கொசோங் | ஜனவரி

எல்லா மாசமும் ஒண்ணுதான். ஜனவரி சராசரிக்கும் மே மாசச் சராசரிக்கும் வித்தியாசம் ரெண்டு டிகிரிகூட முழுசா இல்ல. குடை எடுத்துக்குங்க, தண்ணி எடுத்துக்குங்க, கிளம்புங்க. இந்த உரையாடல் இழையைப் பூட்டிடலாம்.

ஈசூன்_அக்கா | ஜனவரி

பூட்டவேண்டாம். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தா கோப்பி சொல்றது சரி. ஆனா காட்டுக்குள்ள நடக்கிறவங்களுக்கு வெப்பம் பிரச்சினையில்ல, தண்ணிதான் பிரச்சினை. எப்போ வருது, எந்தப் பக்கத்திலிருந்து வருது, எவ்வளவு நேரம் நிக்குது. அதுல மாசத்துக்கு மாசம் வித்தியாசம் இருக்கு தம்பி.

இப்போ நீங்க பார்க்கிறது வடகிழக்குப் பருவக்காற்றோட ஈரமான பாதி. டிசம்பர், ஜனவரியில ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்புல கொட்டும். 2025 ஜனவரி 10, 11 ரெண்டே நாள்ல சாங்கியில 255 மில்லிமீட்டர் பெஞ்சது. அங்க ஜனவரி மாசம் முழுசுக்குமே சராசரி 222தான். அந்த வாரம் நான் மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாதையா ஓடையான்னு தெரியல. மரவேர் குறுக்கே ஓடுற இடத்துல எல்லாம் செம்மண் தண்ணி கணுக்கால் வரைக்கும்.

பிப்ரவரி வந்தா அதே காற்றோட வறண்ட பாதி. காலையில காத்து வீசும், புல் காயும். 2014ல ஜனவரி 13லிருந்து பிப்ரவரி 8 வரைக்கும் 27 நாள் மழைன்னு சொல்ற மாதிரி எதுவும் பெய்யல. எங்க புளோக் கீழே இருந்த புல்வெளி கோணிச்சாக்கு நிறத்துக்கு மாறினது இன்னும் கண்ணுல நிக்குது. எங்க வீட்டுக் கணக்கு என்னன்னா, தைப்பூசத்துக்குக் காவடி போறவங்க காலுக்குத் தார்ரோடு சுட ஆரம்பிச்சிடுச்சுன்னா, காடு காய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

அதனால பிப்ரவரியில ஆரம்பிங்க. முதல் நடைக்கு மெக்ரிச்சி காட்டோட வீனஸ் டிரைவ் வாசல். அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையத்துல இறங்கி நடந்துடலாம். அங்கிருந்து தொங்குபாலம் ஏறக்குறைய ரெண்டரை கிமீ. பாலம் 250 மீட்டர் நீளம், ஆழமான இடத்துல தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். ஒரே திசையிலதான் நடக்க விடுவாங்க, பயந்து நடுவுல திரும்பமுடியாது. பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

சீக்கிரம் போறேன்னு ஆறு மணிக்கே போய் நிக்காதீங்க. பிப்ரவரியில சூரியன் வர்றதே ஏழே கால் ஆயிடும். நவம்பர் தொடக்கத்துல ஆறே முக்கால். அந்த அரைமணி நேர வித்தியாசத்தை இங்க முக்கால்வாசிப் பேர் கவனிக்கிறதே இல்ல.

கோப்பி_ஓ_கொசோங் | ஜனவரி

அக்கா பாடம் எடுத்தா கேட்டுக்கவேண்டியதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன். நான் புக்கிட் தீமா குன்றுக்குப் பதினோரு வருஷத்துக்கு மேலா வாரத்துல நாலு நாள் ஏறுறேன். 2014லிருந்து 2016 வரைக்கும் பழுதுபார்க்க மூடினப்போ மட்டும் பக்கத்து டெய்ரி ஃபார்ம் காட்டுப் பக்கம் அகதியா அலைஞ்சேன். மாசம் பார்த்து நடக்கிறவன் மாசத்துக்கு ஒரு தடவைதான் நடப்பான். தம்பிக்கு இருக்கிறது சுகர். மழை நிக்கட்டும், வெயில் தணியட்டும்னு உட்கார்ந்தா சுகர் உட்காராது.

குன்று 163 மீட்டர்தான். இந்த நாட்டுல இயற்கையா இருக்கிறதுல அதுதான் உச்சி, சிரிக்காதீங்க. பியூட்டி வேர்ல்டு எம்ஆர்டியிலிருந்து நடந்து வந்து தார்ச்சாலை வழியாவே ஏறலாம். முதல் ஏத்தத்துலயே அழகர்மலை ஞாபகம் வரும்.

பால்மரத்துப்_பையன் | ஜனவரி

நான் மலேசியாவுல குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவன், இப்போ வேலை இங்க. "எல்லா மாசமும் ஒண்ணுதான்"னு எங்க அப்பாகிட்ட யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. பால்மரம் வருஷத்துக்கு ஒரு தடவை இலை கொட்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும். முதல்ல மஞ்சள், அப்புறம் செம்பு நிறம், அப்புறம் மரமே மொட்டை. அந்த மாசங்கள்ல பால் குறைஞ்சிடும், பால் குறைஞ்சா சம்பளம் குறைஞ்சிடும். எங்க வீட்டுல இலையுதிர் காலம்னா கடைக்காரன் கணக்குப் புத்தகம் தடிக்கிற காலம்.

சிங்கப்பூர்லயும் ஒரு காலத்துல ரப்பர் தோட்டங்கள் இருந்ததுதானே. அந்த மரங்களோட பேரப்பிள்ளைங்க செஸ்ட்நட், டெய்ரி ஃபார்ம், மண்டாய் பக்கத்துக் காட்டுல இன்னும் நிக்குது. பிப்ரவரி கடைசியில போய் தலையைத் தூக்கிப் பாருங்க லா. சுத்தியும் பச்சை, நடுவுல ஒரு மரம் மட்டும் சிவப்பா நிக்கும். தரையில விழுந்த இலை மூணு மூணாச் சேர்ந்திருக்கும், காம்பு நீளமா இருக்கும். அதுதான் பால்மரம்.

செருப்பு பத்தி யாரும் சொல்லல. இருநூறு வெள்ளி சப்பாத்து வேணாம். ஜொகூர் பாருவுல கறுப்பு ரப்பர் சப்பாத்து விப்பாங்க, "அடிடாஸ் கம்போங்"னு கேட்டா எடுத்துத் தருவாங்க. அடியில சின்னச் சின்ன முள்ளு மாதிரி இருக்கும், களிமண்ல பிடிச்சுக்கும். தோட்டத்துல எல்லாரும் அதைப் போட்டுத்தான் பால் வெட்டினாங்க. ஒரே குறை, நனைஞ்ச பலகைப் பாதையில அது ஆகாது. அதுல எந்தச் சப்பாத்தும் ஆகாது, பாதத்தை முழுசா வச்சு வாத்து மாதிரி நடக்கணும்.

கோடியக்கரை | பிப்ரவரி

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டுமான வேலை, கிராஞ்சி பக்கம் டார்மிட்டரி. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. முன்னெல்லாம் தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, அங்க போயி காசு அனுப்பிட்டு சாப்பிட்டுட்டு வந்து படுத்துருவேன். போன வருசம் ஒரு ஞாயிறு 925 பஸ்ல ஏறி சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டுக்குப் போனேன், சும்மா எப்படி இருக்குன்னு பாக்க. காசு கிடையாது, உள்ள போகலாம்.

நமக்கு ஊரு வேதாரண்யம். சின்னப் புள்ளையில கோடியக்கரை சேத்துல பறவை பாத்து வளந்தவன். இங்க பறவை பாக்குற மறைவுக் குடிசையில ஒரு ஓட்டை வழியா பாத்தா சேத்துல பவளக்காலி நிக்குது. அதே செவப்புக் கால், அதே தலையாட்டு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசமுடியல அண்ணன். பக்கத்துல பெரிய கேமரா வச்சிருந்த சீனத் தாத்தா என்னையப் பாத்து சிரிச்சாரு.

செப்டம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இருக்கும். ஏப்ரல்ல போனேன், சேறு மட்டும் கெடந்துச்சு. அப்புறம் ஒண்ணு, அங்க முதலை இருக்கு. நெசமான முதலை. தண்ணி ஓரத்துல மரக்கட்டைனு நெனச்சு புள்ளைய எறக்கிவிட்றாதீங்க.

மதுரைக்காரன்_செங்காங் | பிப்ரவரி

போயிட்டு வந்தாச்சு! வீனஸ் டிரைவ், தொங்குபாலம், சுத்திட்டு அதே வாசலுக்கு. பாலத்துல நான்தான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பொண்ணு ஓடிட்டா.

தப்பு ஒண்ணு நடந்துச்சு, சொல்லிடுறேன். ரேஞ்சர் நிலையம் பக்கம் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சேன். அந்தப் பிளாஸ்டிக் சத்தம் கேட்டதுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு குரங்கு இறங்கி வந்து நேரா என் கண்ணைப் பார்த்துச்சு. மதுரையில குரங்குக்கு நாமளாவே பழம் குடுக்கிற பழக்கம், கை தன்னால நீண்டுருச்சு. பக்கத்துல ஒரு அம்மா "வேண்டாம், வேண்டாம்"னு கத்தினாங்க. அதுக்குள்ள முழுப் பொட்டலமும் மரத்து மேல. மாமியார் சுட்டு அனுப்பின முறுக்கு, இப்ப வரைக்கும் வீட்டுல சொல்லல.

ஈசூன்_அக்கா | பிப்ரவரி

அந்த அம்மா உங்களைக் காப்பாத்தினாங்க. 2020லிருந்து எந்தக் காட்டு விலங்குக்கும் தீனி போடக்கூடாது, முதல் தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். சாப்பாட்டை டப்பாவில வைங்க, டப்பாவைப் பைக்குள்ள வைங்க. கையில பிளாஸ்டிக் பை தொங்கவே கூடாது. உள்ளே இருக்கிறது குடையா முறுக்கான்னு குரங்குக்குத் தெரியாது, பைன்னா தீனின்னு மட்டும் தெரியும்.

மதுரைக்காரன்_செங்காங் | ஏப்ரல்

யாரும் என்னை இப்படி விட்டிருக்கக்கூடாது.

சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மெக்ரிச்சி பெரிய சுத்து, பத்துப் பதினோரு கிமீ. கிளம்பினப்ப வானம் நீலம். மூணேகாலுக்குக் காடு திடீர்னு அமைதியாச்சு. பூச்சி சத்தம்கூட இல்ல. இலை ஒண்ணும் அசையல, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அப்புறம் தூரத்துல ஒரு உறுமல். நான் ஏரோப்ளேன்னு நினைச்சேன்! அஞ்சு நிமிஷத்துல இருட்டிருச்சு. மழை மேல இருந்து விழல, மரத்துக்கு நடுவுல வெள்ளைச் சுவரு மாதிரி நடந்து வந்துச்சு. ஒரு வெளிச்சம், அடுத்த நொடியே சத்தம், காலடி அதிர்ந்துச்சு. வழி ஓரத்துல பிரம்புக் கொடி சட்டையைக் கொக்கி போட்டு இழுக்குது, அதை எடுத்துவிடக் கை நடுங்குது. நல்லவேளை பொண்ணு வரல.

எப்படியோ ரேஞ்சர் நிலையக் கூரைக்கு அடியில வந்து ஒண்டிக்கிட்டேன். ஒரு மணி நேரம். அங்க இருந்த இருபது பேர்ல நனையாம இருந்தது ஒருத்தர்தான், அவர் மதியமே வந்து உட்கார்ந்திருந்தாராம்.

ஈசூன்_அக்கா | ஏப்ரல்

ஐயோ தம்பி. என் மேலயும் தப்பு இருக்கு, பிப்ரவரியோட நிறுத்திட்டேன்.

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்த நாலு மாசமும் ரெண்டு பருவக்காற்றுக்கும் நடுவுல இருக்கிற காலம். காத்து இருக்காது. தரை காலையெல்லாம் சூடாகி, ரெண்டு பக்கக் கடல் காத்தும் தீவு மேல முட்டிக்கிட்டு, மதியத்துக்கு மேல இடியா இறங்கும். இந்த மாசங்கள்ல பன்னிரண்டு மணிக்குள்ள காட்டை விட்டு வெளிய வந்துடணும்.

ஜூன்லிருந்து செப்டம்பர் வரைக்கும் அப்படியே தலைகீழ். அப்போ சுமத்ரா பக்கத்திலிருந்து காத்தும் மழையும் வரிசை கட்டி வரும், பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடியோ காலையிலயோ. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அடிச்சு ஓய்ஞ்சிடும், ஆனா மரத்தைச் சாய்க்கிற காத்து. அப்படி ஒரு காலை அமைஞ்சா ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்புங்க, மதியம் அருமையா இருக்கும். புதுசா முறிஞ்சு மேலேயே சிக்கிக்கிட்டு நிக்கிற கிளைக்கு அடியில மட்டும் நிக்காதீங்க.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்க. மூணு எண்ணிக்கைக்கு ஒரு கிமீ. முப்பதுக்குள்ள இடி கேட்டா நடையை நிறுத்தி, கூரை உள்ள கட்டடத்துக்குள்ள போங்க. மரத்தடி ஆகாது. கோப்பி, "குடை எடுத்துக்குங்க"ன்னு நீங்க சொன்னதுக்கு இங்கதான் என் ஆட்சேபம். திறந்த மேட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் இடிதாங்கியா நிக்கிறதும் ஒண்ணு.

கோப்பி_ஓ_கொசோங் | ஏப்ரல்

குடை விஷயத்துல வாபஸ். மத்ததுல இல்ல. நான் ஏறுறது காலை ஏழு மணி, அதனால எனக்கு ஏப்ரலும் ஒண்ணுதான், நவம்பரும் ஒண்ணுதான். பருவம் மாசத்துல இல்ல, கடிகாரத்துல இருக்குன்னு வேணா எழுதிக்குங்க.

பால்மரத்துப்_பையன் | ஏப்ரல்

அப்போ ஜூலையில சுமத்ரா அடிக்கிற காலையில ஏழு மணிக்கு என்ன பண்ணுவீங்க?

கோப்பி_ஓ_கொசோங் | ஏப்ரல்

கோப்பி குடிப்பேன்.

ரயில்வே_பேரன் | மே

இழையை இப்போதான் பார்த்தேன். எல்லாரும் மெக்ரிச்சி, புக்கிட் தீமான்னு நிக்கிறீங்க. பழைய ரயில் தடம் 24 கிமீ, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும். முழுக்க நடக்கணும்னு இல்ல, துண்டு துண்டாப் போகலாம். ஹில்வியூ எம்ஆர்டியிலிருந்து பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன் வரைக்கும் எனக்குப் பிடிச்ச துண்டு. மேடே கிடையாது, குழந்தைக்கு ஏத்தது.

எங்க தாத்தா மலாயா ரயில்வேயில வேலை பார்த்தவர். குயின்ஸ்வே பக்கத்துக் குவார்ட்டர்ஸ்லதான் அப்பா பொறந்தாரு. 1930கள்ல அங்க ரயில்வேத் தொழிலாளிங்க தண்டவாளத்துப் பக்கத்துல வச்சுக் கும்பிட்ட முனியாண்டிதான் இப்போ காமன்வெல்த் டிரைவ்ல முனீஸ்வரன் கோயிலா இருக்கு. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் போனப்போ அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனாரு. ஜொகூர் சுல்தானே ஓட்டினாரு. அப்பா ரயிலைப் பார்க்கல, கீழே குனிஞ்சு தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாரு.

நடைக்கு வர்றேன். பல இடத்துல தலைக்கு மேல மரமே கிடையாது. மே மாசம் பத்து மணிக்கு மேல அதுல நடந்தா மூளை உருகும். 2023 மே 13 ஆங் மோ கியோவில 37 டிகிரி ஏறினது ஞாபகம் இருக்கும், 1983க்கு அப்புறம் அவ்வளவு சூடு அன்னைக்குத்தான். இந்தத் தடத்துக்கு ஜனவரி மழைத்தூறல்தான் சரி. பாதை சரளைக்கல்லும் புல்லுமா இருக்கு, காட்டுப் பாதை அளவுக்குச் சேறு ஆகாது. அக்கா சொன்ன பட்டியலுக்கு இது நேர் எதிர்னு தெரியும்.

ஈசூன்_அக்கா | மே

எதிர் இல்ல, நான் காட்டுக்குச் சொன்னேன், நீங்க வெட்டவெளிக்குச் சொல்றீங்க.

மே மாசத்துக்கு இன்னொண்ணு. சாயந்தரம் ஆறரை மணிக்குப் பூமலை, அதான் பொட்டானிக் கார்டன்ஸ், அந்தப் பக்கம் போனா ஒரு வாசனை வரும், தெம்புசு மரத்துப் பூ. ஐந்து வெள்ளித் தாளைத் திருப்பிப் பாருங்க, அதுல இருக்கிற மரம்தான். பெரும்பாலும் மே வாக்குல ஒரு தடவை, அக்டோபர் வாக்குல ஒரு தடவை. எங்க அம்மா அதை மகிழம்பூன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, கடைசி வரைக்கும் நான் திருத்தல.

கோடியக்கரை | ஆகஸ்ட்

புகைமூட்டம் வருமா அக்கா? போன வாரம் வெளிய நிக்கிறப்ப கண்ணு எரிஞ்சுச்சு.

ஈசூன்_அக்கா | ஆகஸ்ட்

வறண்ட வருஷமா இருந்தா இந்த மாசங்கள்லதான் வரும். 2013 ஜூன்ல காத்து மாசைக் காட்டுற பிஎஸ்ஐ குறியீடு 401 வரைக்கும் போச்சு. நூறைத் தாண்டினா நடையே வேண்டாம் தம்பி. நாள் முழுக்க வெளிய வேலை செய்றவங்க நீங்க, ஞாயித்துக்கிழமையாவது அந்தக் காத்தை இழுக்காதீங்க.

மதுரைக்காரன்_செங்காங் | செப்டம்பர்

சுகர் எல்லைக்கோட்டுக்குள்ள இறங்கிருச்சு. அதுக்கு நன்றி சொல்ல வரல, வேற ஒண்ணு.

நேத்து செஸ்ட்நட் போனோம். பதினோரு மணி, நல்ல வெயில். மேல எங்கேயோ "டப்"புன்னு ஒரு சத்தம், அப்புறம் பக்கத்துல பொத்துன்னு ஏதோ விழுது. மறுபடி டப். குரங்கு கல்லெறியுதுன்னு நினைச்சுப் பொண்ணை இழுத்துக்கிட்டு ஒதுங்கினேன். பார்த்தா தரையில பழுப்பு நிறத்துல, வரி வரியா, புறா முட்டை சைஸ்ல வழவழன்னு ஒரு கொட்டை. பக்கத்துல மூணு மூணா இலை. இதுதானே பால்மரத்துப்பையன் சொன்ன மரம்? பிப்ரவரியில சிவப்பு இலையைப் பார்க்கணும்னு நினைச்சு கோட்டை விட்டுட்டேன்.

பால்மரத்துப்_பையன் | செப்டம்பர்

அதேதான். வெயில் ஏற ஏறக் காய் காஞ்சு தானா வெடிக்கும், கொட்டை பல மீட்டர் பறக்கும். எங்க தோட்டத்துல ஆகஸ்ட், செப்டம்பர்ல மதியத்துக்கு இதுதான் சத்தம். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில பரபரன்னு தேய்ச்சா நெருப்பாச் சுடும். தேய்ச்சு முன்பெஞ்சுக்காரன் கையில வச்சு எடுத்து, வாத்தியார்கிட்ட அடி வாங்காத தோட்டத்துப் பையன் கிடையாது. பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

மதுரைக்காரன்_செங்காங் | செப்டம்பர்

அவ பக்கத்துல நின்னுதான் படிச்சா. கையில சின்னதா ஒரு சிவப்பு வட்டம் இருக்கு எனக்கு.

கோடியக்கரை | செப்டம்பர்

அண்ணன், பவளக்காலி வந்துருச்சு. இன்னைக்கு ஏழு எண்ணுனேன். அடுத்த ஞாயிறு யாராச்சும் வர்றீங்களா? தண்ணி வடியிற நேரம் பாத்துச் சொல்றேன், அப்பத்தான் சேறு தெரியும்.

ஈசூன்_அக்கா | செப்டம்பர்

நான் வர்றேன். கிராஞ்சி எம்ஆர்டி, எட்டு மணி. சுமத்ரா அடிச்சா பத்து மணி.

மதுரைக்காரன்_செங்காங் | செப்டம்பர்

நாங்க ரெண்டு பேர். முறுக்கு டப்பாவுல வரும்.

கோப்பி_ஓ_கொசோங் | செப்டம்பர்

பறவை பார்க்கிறது நடை இல்ல, நிக்கிறது. எட்டு மணிக்கு வர்றேன். சுமத்ரா அடிச்சாலும் எட்டு மணிதான், ஸ்டேஷன் பக்கத்துல கோப்பிக்கடை இருந்தாச் சொல்லுங்க.